மறைந்தவர் குரலும் இருப்பவர் பேனாவும்

ஓர் எழுத்தாளர் ஓர் உலகைப் படைக்கிறார். அதில் மக்களைக் குடியேற்றுகிறார். அவர்கட்குச் சட்டம் வகுக்கிறார். அவர்களை மோதவிடுகிறார், வாழவிடுகிறார். ஏடுதோறும் அந்த உலகம் வளர்கிறது. படிப்போர் உள்ளத்திலே அது தம் சொந்த ஊரைப்போல் வேரூன்றி விடுகிறது. பிறகு ஒரு நாள் எழுத்தாளர் மறைகிறார். கதையோ நடுவழியில் நிற்கிறது!

அந்தக் கதையை வேறொருவர் தொடரலாமா? தொடர்ந்தால் அது தொண்டா, திருட்டா? தொடராமல் விடுவது மரியாதையா, மடமையா?

கதைதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். கதைதான், ஆனால் கதைக்கு அடியிலே கிடக்கும் கேள்வி கதையல்ல. மறைந்தவர்க்கு வாழ்வோர் பட்டிருக்கும் கடன் என்ன? அடிபணிதலா, நேர்மையா? நிறுவியவர் மறைந்த பின்னும் நிலைத்து நிற்க விரும்பும் எந்த இயக்கமும், எந்தக் கொள்கையும், எந்தக் குடும்பமும் விடைகூற வேண்டிய கேள்வி இது. இதைக் கதையிலே எழுப்பிப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. சினம் குறையும்; சிந்தனை தெளியும்.

எடுத்துக்காட்டுக்கு ஐசக் ஆசிமோவின் 'பவுண்டேஷன்' வரிசையை எடுத்துக்கொள்வோம். ரஷ்ய மண்ணில் 1920இல் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஆசிமோவ். வேதியியல் கற்றவர், பகுத்தறிவாளர், அமெரிக்க மனிதநேயச் சங்கத்துக்கு 1985 முதல் தம் இறுதி நாள்வரை தலைவராக இருந்தவர். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி கிப்பன் எழுதிய வரலாறு அவர் உள்ளத்தில் இட்ட வித்து, 1941இல், அவருக்கு 21 வயதாக இருந்தபோது, கதையாக முளைத்தது. 1942 மே மாதம் அமெரிக்க விஞ்ஞானக் கதை இதழொன்றில் முதற்கதை வெளிவந்தது. 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் அக்கதைகள் மூன்று நூல்களாயின. 1966இல், அதுவரை வந்த கதைவரிசைகளிலே தலைசிறந்தது என்று ஹியூகோ விருதும் பெற்றன.

கதை என்ன? பால்வீதி முழுவதும் பரவிய பேரரசு. 12,000 ஆண்டு வயது. அது சரியப்போகிறது என்று ஒரு கணித மேதை கண்டுபிடிக்கிறார். அவர் பெயர் ஹாரி செல்டன். தனி மனிதன் என்ன செய்வான் என்று கூற இயலாது. ஆனால் கோடானுகோடி மக்கள் திரண்ட சமுதாயம் எத்திசையில் செல்லும் என்று கணக்கிட முடியும் என்பது அவர் கலை. சரிவைத் தடுக்க முடியாது. ஆனால் சரிவுக்குப்பின் வரவிருக்கும் 30,000 ஆண்டு இருளை 1,000 ஆண்டாகக் குறைக்க முடியும் என்கிறார். அதற்காக வான்வெளியின் ஓரத்திலே, டெர்மினஸ் என்னும் சின்னஞ்சிறு உலகில் ஓர் அறிஞர் குடியேற்றத்தை நிறுவுகிறார். அதுதான் பவுண்டேஷன். பின்னர் அவர் மறைகிறார். திட்டமோ நடக்கிறது!

ஆசிமோவும் 1992 ஏப்ரல் 6ஆம் நாள் மறைந்தார். அதற்குமுன், வாசகரும் பதிப்பாளரும் வற்புறுத்தியதால், ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளிக்குப் பிறகு 1982இல் வரிசையை மீண்டும் தொடங்கி, 1986இல் மற்றொரு நூலும் தந்திருந்தார். ஆயினும் கதை ஆயிரம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டைத்தான் எட்டியிருந்தது. மீதி ஐந்நூறு? அது ஆசிரியரோடு மறைந்தது. அவர் மறைந்த பின், அவருடைய உரிமையாளரின் இசைவோடு மூன்று எழுத்தாளர் மூன்று நூல்கள் எழுதினர்: கிரகரி பென்ஃபர்ட் 1997இல், கிரெக் பேர் 1998இல், டேவிட் பிரின் 1999இல்.

எழுந்தது எதிர்ப்பு! ஆசிமோவ் எழுதியதே பவுண்டேஷன், மற்றவை எல்லாம் போலி என்றனர் சிலர். எந்த நூல் மூல வரிசையைச் சேர்ந்தது, எது சேராதது என்று பட்டியல் போட்டனர். அந்தப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வழங்கும் சொல் 'கானன்'. எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? கிறித்தவத் திருச்சபையிலிருந்து! எந்த ஏடு இறைவாக்கு, எது இறைவாக்கன்று எனத் தீர்ப்பளித்த குருமாரின் சொல் அது. கடவுளை ஏற்காத ஓர் அறிஞரின் கதைக்கு, கோயில் மடைப்பள்ளியில் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்பது போன்ற ஆசாரம்! நகைப்புக்கிடமான நிலை இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

இந்த மனப்போக்கை ஆசிமோவே தம் முதல் நூலில் நையாண்டி செய்திருக்கிறார். பேரரசின் தூதராக டோர்வின் பிரபு டெர்மினசுக்கு வருகிறார். மனித இனம் முதன்முதலில் எந்த விண்மீனின் உலகில் தோன்றியது என்னும் ஆராய்ச்சியில் தமக்கு ஈடுபாடு உண்டு என்று பெருமையாகக் கூறுகிறார். எப்படி ஆராய்கிறார்? பழைய ஆசிரியர்கள் எழுதிய நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, இவர் இப்படிக் கூறினார், அவர் அப்படிக் கூறினார் என்று எடைபோடுகிறார்! நேரே அந்த உலகுக்குச் சென்று மண்ணைத் தோண்டிப் பார்க்கலாகாதா என்று கேட்கிறார் டெர்மினஸ் நகரத் தலைவர் சால்வர் ஹார்டின். பிரபுவுக்கு வியப்பு! முன்னோர் நம்மைவிடச் சிறப்பாகச் செய்துவிட்டிருக்க, நாம் போய்ப் பார்ப்பானேன் என்பது அவர் நிலை. பேரரசு ஏன் அழுகுகிறது என்பதற்கு ஹார்டின் காணும் காரணம் இதுவே. எல்லாரும் பழையதைப் போற்றுகிறார்கள்; எவரும் புதியதைத் தேடவில்லை.

ஆசிமோவின் எழுத்தை மூடி முத்திரை வைத்து, இதற்குமேல் ஒரு வரியும் கூடாது என்போர், அவர் நூலில் டோர்வின் பிரபு வரும் பக்கத்தை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஆனால் எதிர்ப்பாளர் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. அதை ஒளிக்காமல் எடுத்துவைப்பதே பகுத்தறிவு. மறைந்தவரால் மறுப்புரைக்க முடியாது என்பதே அந்த நியாயம். உயிரோடிருப்பவரின் பாத்திரத்தை நாம் கோமாளியாக்கினால் அவர் எழுந்து, இது என் கருத்தன்று என்பார். மறைந்தவர் வாயில் எதைத் திணித்தாலும் அவர் பேசார். ஊமையாகிவிட்டவரின் பெயரைப் பயன்படுத்துவோர்க்கு இருக்கவேண்டிய கூச்சம், வாழ்வோரோடு பழகும்போது இருப்பதைவிட இருமடங்காக வேண்டும்.

இசைவு இருந்ததே என்பர். யாருடைய இசைவு? இங்கே நாம் நின்று பிரித்துப் பார்க்கவேண்டும். படைத்தவர் இசைவு வேறு. வாரிசின் இசைவு வேறு.

ஆசிமோவ் வாழ்ந்த காலத்திலேயே பிறர் தம் உலகில் நடமாட இடம் தந்தவர். இயந்திர மனிதர்க்கு அவர் வகுத்த மூன்று விதிகளை வைத்துக்கொண்டு 1987 முதல் பிறர் எழுதிய கதை வரிசை வெளிவந்தது. அவரைப் பெருமைப்படுத்த 1989இல் வெளியிடப்பட்ட தொகுப்பிலே எழுத்தாளர் பலர் அவருடைய உலகங்களிலேயே கதை புனைந்தனர். கதவைத் திறந்துவைத்தவர் வீட்டில் நுழைவது குற்றமாகாது.

டக்ளஸ் ஆடம்ஸ் கதை வேறு வகை. நகைச்சுவையும் நாத்திகமும் கலந்து வான்வெளிப் பயணக் கதை தந்த ஆங்கிலேயர் அவர். 1979 முதல் 1992 வரை ஐந்து நூல்கள். ஐந்தாவது நூல் இருண்ட முடிவு கொண்டது. அதைவிட ஒளியுள்ள முடிவு தர ஆறாவது நூல் எழுதலாம் என்று அவரே கூறியிருந்தார். எழுதுமுன் 2001 மே 11ஆம் நாள், 49 வயதில், மாரடைப்பால் மறைந்தார். துணைவியாரின் இசைவோடு அயர்லாந்து எழுத்தாளர் ஓவன் கோல்ஃபர் 2009இல் ஆறாவது நூலை எழுதினார். இங்கே படைத்தவர் ஆசை இருந்தது. ஆனால் அந்த ஆசை, தாம் எழுதவேண்டும் என்பது. பிறர் எழுதவேண்டும் என்பதாகுமா? பாதி இசைவு என்றே கொள்ளலாம்.

'டியூன்' எழுதிய பிராங்க் ஹெர்பர்ட் 1986 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார்; ஆறாவது நூலோடு கதை தொங்கி நின்றது. மகன் பிரையன் ஹெர்பர்ட், கெவின் ஆண்டர்சன் என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து 1999 முதல் நூல்மேல் நூலாக எழுதினார். தந்தை விட்டுச்சென்ற குறிப்புகள் வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தன, அவற்றை ஒட்டியே 2006, 2007ஆம் ஆண்டுகளில் முடிவு நூல்கள் எழுதினோம் என்று அவர்கள் அறிவித்தனர். எண்ணிப் பாருங்கள்! தலைவனைத் தெய்வமாக்கிப் பின்தொடரும் மக்கள் எந்தப் படுகுழியில் விழுவர் என்று எச்சரிக்கும் கதை டியூன். அந்தக் கதைக்கே, பெட்டகத்திலிருந்து வெளிவந்த தலைவர் வாக்கு என்று சான்று காட்ட வேண்டியதாயிற்று!

மகன் என்பதால் ஒருவர்க்குத் தந்தையின் நிலம் வரும், வீடு வரும், பதிப்புரிமையும் வரும். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை அந்த உரிமை வாரிசிடம் நிற்கும். ஆனால் சிந்தனை வருமா? பிறப்பால் அறிவு வரும் என்ற பொய்யை எதிர்த்து நின்ற நாம், எழுத்துலகில் மட்டும் அதை ஏற்பது முறையா? வாரிசு எழுதிய நூல் நன்றாக இருந்தால் போற்றுவோம். வாரிசு எழுதியது என்பதற்காக அல்ல.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு நமக்கு விளங்காததன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம். அதனால், எவரும் நாலு வரி எழுதிப் பாரதியார் பாட்டு என்று சேர்க்கலாம் என்றாகுமா? அச்சிடும் உரிமை எல்லார்க்கும் வந்தது. அவர் வாயில் சொல்லைத் திணிக்கும் உரிமை எவர்க்கும் வரவில்லை.

ஆக, கேள்வி தொடரலாமா என்பதில் இல்லை. எப்படித் தொடர்வது என்பதில்தான் இருக்கிறது. இதற்கு இரண்டு பழைய சான்றுகள் நம்மிடம் உண்டு. இரண்டிலும் வருபவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் என்பது வியப்பு.

எட்கர் ஆலன் போ 1838இல் கடற்பயணக் கதையொன்று வெளியிட்டார். ஆர்தர் கார்டன் பிம் என்பவன் தென்துருவம் நோக்கிச் செல்கிறான். பனிமூட்டத்திலே மாபெரும் வெள்ளை உருவம் ஒன்று எழுகிறது. அத்தோடு கதை அறுந்து நிற்கிறது. போ 1849இல் மறைந்தார். ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 1897இல், வெர்ன் அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதினார். தம் பெயரிலே எழுதினார். போவின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மூடுபனி மர்மத்தை என்ன செய்தார் தெரியுமா? துருவப் பகுதியில் பேருருவச் சிலைபோல் ஒரு மலை, அது காந்தமலை! இரும்பையெல்லாம் ஈர்க்கிறது. பிம் தோளில் துப்பாக்கியோடு அதனருகே சென்றதால், துப்பாக்கியோடு ஈர்க்கப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு மாண்டான். போ எழுப்பிய அச்சத்துக்கு வெர்ன் அறிவியல் காரணம் கூறினார். அந்தக் காரணம் இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. போவின் மர்மத்தைக் கெடுத்துவிட்டார் என்று வருந்துவோரும் உளர். இருக்கட்டும். போவின் ஏடு போவின் ஏடாகவே இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வெர்ன் கூறியது வெர்ன் கூற்று. ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஏற்கலாம், தள்ளலாம். படிப்பவன் ஏமாற்றப்படவில்லை.

வெர்ன் 1905இல் மறைந்தார். கையெழுத்துப் படிகள் பல எஞ்சியிருந்தன. மகன் மிஷேல் அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டார், தந்தை பெயரிலேயே! ஆனால் பல இடங்களைத் திருத்தினார், புதிய பாத்திரங்களைப் புகுத்தினார், முடிவுகளை மாற்றினார். மூலப்படிகளை ஆராய்ச்சியாளர் ஒப்புநோக்கி உண்மையை நிறுவியது 1970களுக்குப் பிறகு. தந்தை எழுதியது என்று நம்பி மகன் எழுதியதை மூன்று தலைமுறை படித்தது! மிஷேல் திறமையற்றவர் அல்லர். சில இடங்களில் கதை சுவை பெற்றது என்றுகூடக் கூறுவர். அதனால் குற்றம் குறையுமா? ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: பக்தனாக இருந்த ஒரு பாத்திரத்தை மகன் பகுத்தறிவாளனாக மாற்றினார் என்று. நாம் மகிழலாமா? கூடாது. நமக்குச் சாதகமான பொய்யும் பொய்தான். இடைச்செருகல் செய்தே புராணத்தை வளர்த்தார்கள் என்று கண்டிக்கும் நாம், இடைச்செருகல் நம் பக்கம் சாய்ந்தால் கண்ணை மூடிக்கொள்வது அறமாகாது.

இனி ஆசிமோவின் கதைக்குத் திரும்புவோம். இந்தக் கேள்விக்கு அவர் கதைக்குள்ளேயே விடை கிடக்கிறது.

செல்டன் மறையுமுன் தம் உருவத்தையும் குரலையும் பதித்து ஒரு பெட்டகத்தில் வைத்துச் செல்கிறார். நெருக்கடி நேரும்போதெல்லாம் அந்தப் பெட்டகம் திறக்கும். செல்டன் தோன்றிப் பேசுவார். அவர் கணக்கு சரியாக இருக்கும். ஒருமுறை, இருமுறை பலித்தது. மக்கள் என்ன செய்தனர்? கணக்கை மறந்தனர், குரலை வணங்கினர். செல்டன் பார்த்துக்கொள்வார் என்று உறங்கினர். அப்போது மியூல் என்னும் ஒருவன் எழுகிறான். பிறர் மனத்தை வளைக்கும் வல்லமை கொண்ட, எந்தக் கணக்குக்கும் உட்படாத தனிமனிதன். அவன் படை நெருங்குகிறது. மக்கள் பெட்டகத்தின் முன் கூடுகின்றனர். செல்டன் தோன்றுகிறார். பேசுகிறார். எதைப்பற்றி? நடக்கவே நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப்பற்றி! பகைவன் வாயிலில் நிற்கிறான். மறைந்தவரின் உருவம் வேறெதையோ விளக்கிக்கொண்டிருக்கிறது. அன்றே வீழ்கிறது டெர்மினஸ்.

விஞ்ஞானக் கதைகளிலே இதைவிடக் கூரிய காட்சியை நாம் படித்ததில்லை. செல்டன் மூடரல்லர், மேதை. ஆனால் மேதையும் தாம் மறைந்த நாளுக்குப்பின் நடப்பதைப் பார்க்க முடியாது. பெட்டகத்தின் முன் கைகட்டி நின்றது செல்டனுக்குச் செய்த மரியாதையன்று. செல்டன் எந்த முறையால் சிந்தித்தாரோ அந்த முறையையே கைவிட்ட துரோகம்.

பிறகு எப்படித் தப்பினர்? இரண்டாம் பவுண்டேஷன் என்னும் மறைவான குழு மியூலை அடக்குகிறது. சிதைந்த திட்டத்தைச் சீர்செய்கிறது. தாங்கள் அழிந்துவிட்டதாக முதல் பவுண்டேஷனையே நம்பவைத்துவிட்டு, மறைவிலிருந்து வழிநடத்துகிறது. மக்களோ, எல்லாம் செல்டன் திட்டப்படி நடக்கிறது என்றே எண்ணுகின்றனர். திறமையான ஏற்பாடு! ஆனால் இதற்கு வேறொரு பெயர் நமக்குத் தெரியும்: புரோகிதம். தலைவர் பெயரைக் கூறிக்கொண்டு, தலைவர் கூறாததைச் செய்து, கேள்வி கேட்கவேண்டிய மக்களை இருட்டில் வைப்பது.

ஆக மூன்று வழிகள். பெட்டகத்தின் முன் நின்று, பதிந்த குரலை மட்டும் கேட்பது ஒன்று. முத்திரைக்காரர் கேட்பது இது. மறைவாகத் திருத்திவிட்டு, மறைந்தவர் பெயரையே ஒட்டுவது மற்றொன்று. மிஷேல் செய்தது இது. பழைய ஏட்டைப் பழையபடியே காத்து, அதன் பக்கத்தில் நம் ஏட்டை நம் பெயரில் வைத்து, இங்கே ஒத்துப்போகிறோம், இங்கே மாறுபடுகிறோம் என்று வெளிப்படையாகக் கூறுவது மூன்றாவது. போவுக்கு வெர்ன் செய்தது இது. மூன்றாவதே மானமுள்ளவர் வழி.

அந்த அளவுகோலால் ஆசிமோவைத் தொடர்ந்த மூவரையும் அளந்தால் என்ன காண்கிறோம்? அவர்கள் நேர்மையாளர், தம் பெயரிலேயே எழுதினர். அட்டையில் ஆசிமோவ் பெயரும் விளங்குவது வாணிபம்தான். ஆயினும் எழுதியவர் யார் என்பதில் மறைவில்லை. பென்ஃபர்ட் தம் நூலில் ஜோன் ஆஃப் ஆர்க்கையும் வால்டேரையும் கணிப்பொறி உருவங்களாக உயிர்ப்பித்து, நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் சொற்போர் நடத்துகிறார். அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

ஆனால் ஒரு குறை. மூவரும் எந்தக் காலத்தை எழுதினர்? செல்டன் வாழ்ந்த காலத்தை! ஆசிமோவும் 1986க்குப் பிறகு கதையை முன்னே நகர்த்தாமல், செல்டனின் இளமைக்கும் முதுமைக்கும் திரும்பி இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டாவது, அவர் மறைந்த பின் 1993இல் வெளிவந்தது. ஆசிரியர் தயங்கி நின்ற இடத்தில் தொடர்ந்தவரும் தயங்கி நின்றனர். நிறுவியவரின் வாழ்வுக்கு மேலும் மூன்று நூல்கள் கிடைத்தன. நிறுவப்பட்டது என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு நூலும் கிடைக்கவில்லை. அந்த ஐந்நூறு ஆண்டு இன்னும் காலியாகவே கிடக்கிறது!

தோழர்களே, இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதைச் சங்கதி மட்டுந்தானா? நிறுவியவரின் பிறந்த நாளைக் கொண்டாடுவது எளிது. அவர் வாழ்ந்த நாட்களை ஆயிரம் முறை விரித்துரைப்பதும் எளிது. அவர் காணாத நாளில், அவர் எண்ணாத சிக்கலின்முன், அவர் கற்றுத்தந்த முறையைக்கொண்டு நாமே கணக்கிட்டு, நாமே முடிவெடுத்து, முடிவு தவறானால் பழியையும் நாமே ஏற்பது அரிது. அந்த அரிய வேலைதான் தொடர்தல்.

எனவே மறைந்தவர் ஏட்டில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர். அது அவர் உடைமை. அவர் ஏட்டைப் பூட்டியும் வைக்காதீர்; அது சிறை. வெள்ளைத்தாளை எடுங்கள். மேலே உங்கள் பெயரை எழுதுங்கள். அவர் நிறுத்திய வரிக்கு அடுத்த வரியைத் தொடங்குங்கள். அவர் கருத்தோடு மாறுபட நேர்ந்தால், மாறுபடுகிறோம் என்று அந்த வரியிலேயே எழுதுங்கள். படிப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறட்டும்.